இடக்கைக்குத் தீட்டிய கத்தி

செட்டிபாளையம்
2024.02.09, வெள்ளி

அன்புள்ள ஜெயந்தன்,

இல்லை, பயம் என்று சொல்ல முடியாது. பயம் என்றால் கத்தலாம். இது கத்த முடியாத ஒன்று.

நேற்றும் நடந்திருக்கிறது. வியாழக்கிழமைகளில் பாடசாலையில் மேலதிக வகுப்பு எடுத்து ஐந்து மணிக்குத்தான் வருவேன், தெரியும்தானே. வந்து பார்த்தால் வெற்றிலைத் தோட்டத்தில் பக்கக் கொடிகள் கழிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே சரிவில். மற்றவர்கள் வெட்டினால் சரிவு ஒரு பக்கம். இது எதிர்ப்பக்கம். இடக்கை வெட்டு. உங்கள் வெட்டு.

நீங்களோ இத்தாலியில், திராட்சைத் தோட்டத்தில்.

கடைசிக் கொடி மட்டும் பாதி வெட்டுப்பட்டுத் தொங்கியது.

அடுத்த வீட்டுக் கண்ணகை அக்கா வேலியால் பார்த்தாவாம். "நாய் பந்தலுக்குள்ள வாலை ஆட்டிக்கொண்டு நிண்டது கா. ஆரையும் காணல்ல. ஆளில்லாம நாய் வாலாட்டுமா?" மந்திரித்து நூல் கட்டச் சொல்கிறா.

தபாலில் போட்டால் தொலையும் என்று நீங்கள் சொன்னபடி இதையும் உங்கள் சிநேகிதன் றம்ஸீனிடம் கொடுக்கிறேன், இத்தாலிக்குப் போகிற யாரிடமாவது அவர் கொடுத்தனுப்புவார். போனில் பேசினால் சண்டை, எழுதினால் இல்லை. அதுவும் நீங்கள் சொன்னதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தக்ஷாயினி

*

இத்தாலி
2024.02.11

அன்புத் தக்ஷா,

நூல் கட்டாதே. உனக்குத் தீங்கு செய்யும் எதுவும் அங்கே வராது.

இங்கே குளிர். கொடி கழிக்கும் காலம். உன் கொடிகளை நினைத்துத்தான் வெட்டுகிறேன். அந்த நினைவு அங்கே வந்து சேர்கிறதோ என்னவோ.

வியாழக்கிழமை என் மடக்குக் கத்தியின் வில் உடைந்துவிட்டது, ஒரு கொடியைப் பாதி வெட்டும்போது. நீ தந்த அதே கிளிச்சொண்டுக் கத்தி. பிடி வெடித்த இடத்தில் நீ சுற்றிய சிவப்பு வலைநூல் இன்னும் இருக்கிறது. இப்போது இரவல் கத்தி. வலக்கைக்குத் தீட்டியது. என் கையில் அது தண்டை நசுக்குகிறது.

உன் பந்தலில் வடக்குப் பக்கம் வெயில் விழுகிறது. புதுத் தென்னங்கிடுகு போடு.

நான் புறப்பட்ட அன்று கேற்றடியில் நீ சொன்னதை மறக்கவில்லை. பாதியில் வந்து உன் முன்னால் நிற்கமாட்டேன்.

உன் ஜெயந்தன்

*

செட்டிபாளையம்
2024.02.16, வெள்ளி

அன்புள்ள ஜெயந்தன்,

உங்கள் பதில் நான்காம் நாள் கைக்கு வந்தது. கெட்டிக்கார விமானம்.

நேற்றைய வெட்டுகள் நசுங்கியிருந்தன. ஒவ்வொரு தண்டும். விரலால் தடவினேன், ஈரம் காயவில்லை. நீங்கள் அங்கே எதைச் செய்கிறீர்களோ அது இங்கே நடக்கிறது. இதைப் பகலில், வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்படியும் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பதுபோல் இருக்கிறது.

வடக்குப் பக்கக் கிடுகு உக்கி விழுந்ததை நான் உங்களுக்கு எழுதவில்லை.

உங்களுக்கு ஒரு கத்தி தேடுகிறேன். நுனி கிளியின் சொண்டுபோல் உள்ளே வளைய வேண்டும், மடக்க வேண்டும், அலகின் சரிவு மறுபக்கம் இருக்க வேண்டும். ஏறாவூரில் பிளாஸ்டிக் பிடி போட்டதுதான் இருக்கிறது, விரித்தால் ஆடுகிறது. மட்டக்களப்புச் சந்தையில் ஒருவர் சிரித்தார். "இடக்கைக்கா? மனுசனைச் சோத்துக்கையால வெட்டச் சொல்லு தங்கச்சி."

இன்னும் தேடுவேன்.

தக்ஷாயினி

*

இத்தாலி
2024.02.20

தக்ஷா,

கத்தி தேடாதே. இங்கே ஒருவர் திருத்தித் தருகிறார். காத்தான்குடிப் பக்கம் போய் அலையாதே, அங்கே இந்தக் கத்தி இல்லை.

நாய்க்குக் காதில் உண்ணி. பார்.

ஜெயந்தன்

*

செட்டிபாளையம்
2024.02.28, புதன்

அன்புள்ள ஜெயந்தன்,

நாயின் காதைப் பார்த்தேன். உண்ணி இருந்தது.

பிறகு காத்தான்குடிக்குப் போனேன். அந்த ஊரின் பெயரை நான் எழுதியிருக்கவே இல்லை.

பழைய தோட்டச் சாமான் விற்கும் றவூப் நானாவின் கடை. தகரப் பெட்டிக்குள் கிளிச்சொண்டு ஒன்று கிடந்தது. எருமைக்கொம்புப் பிடி. மடக்கினால் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. அலகை மாற்றித் தீட்டித் தர முடியுமா என்று கேட்டேன்.

"இடக்கைக்குத் தீட்டச் சொல்லி வந்த ரெண்டாவது ஆள் நீங்க மகள்."

"முதலாவது ஆர்?"

மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே சிவப்பு வலைநூல் சுற்றிய கத்தி. என் முடிச்சு.

"இது விக்கிறதுக்கில்ல. வில்லுப் போட்டாச்சி. நாளைக்கு வியாழன், பின்னேரம் சொந்தக்காரர் வருவார். பாவம், இத்தாலிக்கெண்டு போய் கொழும்போட திரும்பின மனுசன். ஏஜென்சிக்காரன் ஏமாத்திட்டானாம். இப்ப வவுணதீவு வயல் வட்டையில கூலி வேலை. பொஞ்சாதிக்கு முன்னால போய் நிக்க ஏலாதாம்."

"பொஞ்சாதி பொல்லாதவளா?"

"அப்பிடி ஒரு நாளும் சொல்லல்ல. அவட வெத்திலை நல்லமாம். அதத்தான் சொல்லுவார்."

அவர் கல்லில் அலகை வைத்தார். அந்தச் சத்தத்தில் நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்காது.

நீங்கள் புறப்பட்டு ஒன்பது மாதம். இவ்வளவு நாளும் வாவிக்கு அந்தப் பக்கம்தான் நீங்கள். நான் வீட்டில் இல்லாத நாளில் வந்து, வெட்டி, நாயைத் தடவி, போயிருக்கிறீர்கள். நான் பேய் என்று நினைத்தேன். உயிரோடிருக்கும் மனிதனைப் பேயாக்கியது நான்தான். படிப்பையும் பாதியில் விட்டீர்கள், வேலையையும் பாதியில் விட்டீர்கள் என்ற கோபத்தில் கேற்றடியில் சொன்னேன்: போனால் முழுதாகப் போங்கள், பாதியில் வந்து என் முன்னால் நிற்காதீர்கள்.

அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதியில் வந்தாலும் வாருங்கள்.

அன்று கத்தியை உங்கள் கையில் கொடுத்தேன். கத்தியைக் கையில் கொடுத்தால் உறவு அறும், கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும் என்று கண்ணகை அக்கா கத்தினா. நான் சிரித்தேன்.

இந்தக் கடிதத்தை றம்ஸீனிடம் கொடுக்கப்போவதில்லை.

தக்ஷா

வியாழன் காலை: பந்தலுக்குள், வெற்றிலை கழுவும் கல்லில் இதை வைத்து, மேலே புதிய கத்தியை மடக்கி வைத்தேன். பாடசாலைக்கு லீவு சொன்னேன். இரண்டு பேருக்கு அரிசி போட்டேன்.