ஊறல் தொட்டிக்கு இன்னொரு தடவை

ஐப்பசி 9, புதன்
சாயங்காலத்திலிருந்து மழை. இவ்வளவு நேரம் கழித்துத் திறப்பதற்கு நோட்டு மன்னிக்கட்டும். பாப்பா இப்போதுதான் உறங்கினாள். சளி.

நாளை சோதனை. அம்பாசமுத்திரம் புழுங்கல் அரிசி மில்லின் ஊறல் தொட்டியை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கணக்காகக் கட்டி மூன்று மாதம். இப்போது இளஞ்சூட்டுத் தண்ணீரில் ராத்திரி முழுக்க நெல் ஊறுகிறது. தண்ணீர் நாறிப்போவதால் நடுவில் மாற்றுகிறார்கள். எல்லாம் வாய்க்காலுக்கு. நல்ல சூட்டில் நாலு மணி நேரம் போதும், மாற்றவே வேண்டாம் என்கிறது திரை.

வியாழன்
மூன்று மணிக்குத் தொட்டி நிறைந்தது. சூடு அளந்தேன், சரி. நாலு மணி பஸ்ஸில் வீட்டுக்கு. பால் கட்டிக்கொண்டு ஒரே வலி.

சனி
ஊறிய நெல்லை அவித்து, உலர்த்தி, அரைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு அரிசியின் நடுவிலும் வெள்ளைப் பொட்டு. தண்ணீர் நடுவரை ஊறாமல் உள்ளே வேகவில்லை.

முதலாளி அண்ணாச்சி: "கம்ப்யூட்டர்ல வெந்துட்டு, தொட்டியில வேகலியேம்மா! போதும், பழையபடியே செய்யட்டும்." மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். இந்த ஒரு வேலைக்குத்தான் என்னை எடுத்தது. இனி?

ஞாயிறு
கணக்கை முழுக்கத் துழாவினேன். தப்பு கிடைக்கவில்லை. டயப்பர் தீர்ந்தது.

திங்கள்
பாலைப் பீய்ச்சி வைத்து, பாப்பாவை அத்தையிடம் விட்டேன். பழையபடி ஊறலுக்குச் சுடுதண்ணீர் நிறைத்திருந்தார்கள். நாலு மணிக்குப் பிறகும் தொட்டியருகே நின்றேன், முதல் தடவையாக. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சுடலை அண்ணன் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். உடனே பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

"என்னண்ணே செய்யுதீங்க?"

"கை பொறுக்கலன்னா தண்ணி விடணும்லா. இல்லன்னா நெல்லு வாயப் பொளந்துரும்."

"வியாழக்கிழமையும் விட்டீங்களா?"

"பின்ன? நீங்க பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க, தாயி. கேக்கவும் இல்ல."

அந்தத் தண்ணீரைக் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். திரையிலும் சூடு இறங்கி, அதே வெள்ளைப் பொட்டு! கணக்கு சரி. நான்தான் அதில் ஆளைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

செவ்வாய்
தூறல். பாப்பாவுக்கு மூக்கு இன்னும் அடைப்பு. அண்ணாச்சிக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

அண்ணாச்சி, தப்பு என்னுடையது. சுடலை அண்ணன் தினமும் செய்வதைத்தான் செய்தார், அவரைத் திட்டாதீர்கள். காரணம் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தொட்டி கொடுங்கள். நாலே மணி நேரத்தில் நெல் பிளக்காது என்று எடுத்துச் சொன்னேன்; குழாயைத் திறக்க மாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, தண்ணீர் வடியும் வரை அங்கேயே இருப்பேன். நாளைக் காலையில் நெல் இறக்குகிறார்கள். அதற்குள் பதில் சொல்லுங்கள்.