தென்னை சாயுதோ: நீலம், பி சைடு, நாலு

என் ஸ்டெல்லா, வாயாடிக் கழுதைக்கு,

மணி மூன்றாகிறது. நாலரைக்கு உன் மகள் ஜெனி பள்ளிக்கூடம் விட்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இன்றைக்கு அவளிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உன்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று உன் பச்சை நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். உன் அண்ணன் கப்பலிலிருந்து கொண்டுவந்த மூன்று இங்கிலீஷ் ராக் கேசட்டுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, வரிகளைத் தமிழிலேயே எழுதி வைத்தோமே, அதே நோட்டு. "சித்தி, 'தென்னை சாயுதோ'ன்னு எழுதியிருக்கு. இது எந்தப் படப் பாட்டு?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அடங்கியும் போனது. ஏனென்றால் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்து, காதுக்குள் கத்திக் கேட்டாள். நீ சொல்லிக்கொடுத்தபடியே.

அந்தப் பாடகர்கள் என்ன பாடினார்கள் என்று நமக்கு எங்கேயடி புரிந்தது? காதில் விழுந்ததுதான் வரி. 'வான்னா கம்' என்று ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினால் அது நமக்கு 'வணக்கம்'. 'தென் ஐ சை, தோ' என்று இன்னொருத்தன் இழுத்தால் 'தென்னை சாயுதோ'. பம்மலில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து, ஒருத்தி ஒரு துண்டு வரியைச் சொல்வாள். மற்றவள் கேசட்டின் நிறம், பக்கம், எத்தனையாவது பாட்டு எல்லாம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அட்டையில் போட்டிருக்கும் பெயர். தென்னை என்றால் நீலம், பி சைடு, நாலு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

அந்தக் கல்லூரிப் போட்டிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் நீதான். பாட்டின் வரியை ராகம் இல்லாமல் வாசிப்பார்கள், மணி அடித்துப் பாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற அணிக்கு வானொலியில் ராக் பாட்டு நிகழ்ச்சி நடத்தக் குரல் தேர்வு. அதற்காக நீ ஒரு மாதம் எவர்சில்வர் டம்ளரை மைக் மாதிரி வாயருகே பிடித்துக்கொண்டு பேசிப் பழகினாய். "என் குரலு மெட்ராஸ் பூரா கேக்கும் பாருடி" என்றாய். உங்கள் அம்மா, "ஏற்கெனவே பல்லாவரம் வரைக்கும் கேட்டுக்கினுதான் கீது" என்றார்.

இறுதிச் சுற்றில் இரண்டே அணிகள். எதிர் மேசையில் நுனிநாக்கு இங்கிலீஷ் பேசும் இரண்டு பெண்கள். மூன்றாவது கேள்விக்கு நீ மணியை அடித்துவிட்டு எழுந்து, மைக்கில் "வணக்கம்!" என்று கத்தினாய். அரங்கமே கொல்லென்று சிரித்தது. அதற்கப்புறம் நீ சரியான பெயரைச் சொன்னாய், மதிப்பெண்ணும் கிடைத்தது, உனக்கும் சிரிப்புதான். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசிப்போனது. மணியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். "இனிமே நான் அடிக்கிறேன், நீ சும்மா இரு" என்றேன்.

கடைசிக் கேள்வி வரும்போது இரண்டு அணியும் சமம். கேள்வி கேட்டவர் செய்தி வாசிப்பதுபோல வாசித்தார்: "தென் ஐ சை, தோ நோ ஒன்ஸ் நியர்." எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் வலது பக்கத்தில் இருந்த உனக்குப் பட்டென்று பிடிபட்டது. "தென்னைடி! தென்னை சாயுதோ! அமுக்குடி!" என்றாய்.

எனக்குக் கேட்டது, ஸ்டெல்லா.

தெளிவாகக் கேட்டது. நீலம், பி சைடு, நாலு என்று மனசு சொல்லியும்விட்டது. பெயர் நாக்கு நுனியில் நின்றது. என் உள்ளங்கைக்குக் கீழே மணி. ஆனால் மணி அடித்ததும் நீ மறுபடி எழுந்து "தென்னை" என்று மைக்கில் கத்துவாய், மறுபடி அத்தனை பேரும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. நான் அமுக்கவில்லை. நீ என் முழங்கையைக் கிள்ளினாய். நான் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர் மேசையில் மணி அடித்தது.

ரயில் மீனம்பாக்கத்தைத் தாண்டியது. அப்புறம் கேட்டாய்: "நான் சொன்னது உன் காதுல வுழலையா?" ஒரே வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சத்தத்துல கேக்கலடி. கொஞ்ச நாளாவே வலது காது சரியா கேக்கல" என்று அளந்துவிட்டேன். உன் முகத்தில் கோபம் இறங்கி, கவலை ஏறியது. பல்லாவரத்தில் இறங்க வேண்டியவள் இறங்காமல் என்னோடு குரோம்பேட்டை வரைக்கும் வந்தாய். "லூசு, இத மொதல்லியே சொல்ல மாட்டியா? நான் இடது பக்கம் குந்தியிருப்பேனே!"

மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாய். அவர் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றார். வெளியே வந்து நீ அவரைத்தான் திட்டினாய், என்னைச் சந்தேகப்படவில்லை. அன்றிலிருந்து நடந்தாலும் உட்கார்ந்தாலும் நீ எனக்கு இடது பக்கம். உன் கல்யாணப் போட்டோவில்கூட என்னை மாற்றி நிற்கவைத்தாய். ஜெனிக்குப் பேச்சு வந்ததும் முதல் பாடம்: சித்திக்கு இந்தப் பக்கம் வந்து சத்தமாகச் சொல்லு. பத்து வருஷம்! எத்தனை முறை சொல்ல வாயெடுத்தேன் தெரியுமா? எப்போது சொன்னாலும் அந்த வானொலிக் குரல் தேர்வு உனக்கு ஞாபகம் வருமே என்று விழுங்கிவிட்டேன்.

கடைசியாக நீ நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது உனக்கு மூச்சே அரைகுறை. கட்டிலின் ஒரு பக்கம் சுவர் என்பதால் நான் மறுபக்கம் உட்கார, என் வலது காதுதான் உன் தலைப்பக்கம் இருந்தது. கையில் ஊசிக் குழாயோடு எழுந்து, திரும்பி, தலைமாட்டை மாற்றிப் படுத்து, இருந்த கொஞ்ச மூச்சையும் சேர்த்துக் கத்தினாய், எனக்குக் கேட்க வேண்டும் என்று. பாவி, அப்போதும் நான் சொல்லவில்லை.

கடைசி நாள் சாயங்காலம். நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னலோரம் ஜெனியின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். வலது பக்கத்திலிருந்து மெல்லிசாக, காற்று மாதிரி ஒரு குரல்: "தென்னை சாயுதோ."

"நீலம், பி சைடு, நாலு" என்றேன், திரும்பாமலே.

சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். சிரித்தாயா? உதடு கோணியது, அது சிரிப்பா வலியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதற்குள் நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்றார். காலையில் வந்து சொல்லிவிடலாம் என்று போனேன். காலையில் நீ இல்லை.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னாயா? இல்லை, என்னைச் சோதித்தாயா? ரயிலிலேயே உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேவா பத்து வருஷம் இடது பக்கம் உட்கார்ந்தாய்? சொல்லடி. வாய் ஓயாத உனக்கு இதை மட்டும் சொல்லாமல் போக எப்படி மனசு வந்தது?

ஜெனிக்கு உன் குரல். சனிக்கிழமை பள்ளி விழாவில் மைக்கில் பேசப்போகிறாளாம். மேடை உன் இடது பக்கம் வருகிற மாதிரி இடம் பிடித்து வைக்கிறேன் சித்தி, வலது பக்கம் இருந்தால் உனக்கு நான் பேசுவது கேட்காதே என்கிறாள்.

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. அவள்தான். இன்றைக்கு அவளை வலது பக்கம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், திட்டினால் திட்டட்டும். சனிக்கிழமை அரங்கமே சிரித்தாலும் முதலில் கை தட்டுபவள் நானாகத்தான் இருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

நீ அன்றைக்குச் சொன்னது கேட்டது,

உன் மகளுக்குச் சித்தி,
கௌரி