பீடத்துணியும் எங்கள் கிணற்றுக் கறளும்

யூலை 8, திங்கள்

சோழகக் காற்று பேய் வீச்சு. குறிகட்டுவான் துறையில் படகெல்லாம் குதிரையாகத் துள்ளுதாம்.

காலையில் செபமாலை அக்கா வருகை. கோயில் மாதர் சங்கத்தின் மகாராணி. திருநாளுக்குப் பீடத்துணி தோய்க்கும் முறை இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு. என் மனுசியின் தாய் முந்தித் தோய்த்த முறை அது. அக்காவின் கையில் துணி இல்லை. வாயில் சொல் மட்டும்.

"குறை நினையாதை பிள்ளை. உங்கட தண்ணியில தோய்ச்சா வெள்ளைத்துணி காவித்துணியாப் போகும். பட்டணத்து லோன்றிக்கு அனுப்புவம்."

மனுசி குசினிக்குள் போய்ச் சட்டியை உரஞ்சினாள். வெகு நேரம்.

எனக்கு இரத்தம் கொதித்தது. உண்மைதான், எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு. தேத்தண்ணீர் வைத்தால் மையாகக் கறுக்கும், தொட்டு உயில் எழுதலாம். அதற்காகத் தோற்பதா?

"அக்கா, ஒரு துணி மட்டும் தாங்கோ. சனிக்கிழமை வந்து பாருங்கோ. வெள்ளை இல்லாட்டி என்ர மீசையை எடுக்கிறன்."

"உமக்கு மீசை எங்கை கிடக்கு?"

"வளர்க்கிறன்."

பின்னேரம் ஒரு துணி வந்தது. இருந்ததில் ஆகப் பழசு.

யூலை 9, செவ்வாய்

சாமான்: பெயின்ற் வாளி (அடியில் சுட்ட ஆணியால் ஓட்டைகள், வானத்து நட்சத்திரம் அளவு). பீப்பா இரண்டு. கல்லு, கழுவிய மணல். ரப்பர் குழாய். பெருமை, தேவையான அளவு.

திட்டம்: தண்ணீர் முதலில் மணல் பீப்பாவால் வடியும். கடைசியில் ஓட்டை வாளியால் மழையாகப் பொழியும், றோட்டால் போகிற சனம் பார்க்க. அரண்மனை நீரூற்றுகள் வெட்கப்படட்டும்.

பொழிந்தது! கண்ணாடித் தண்ணீர்.

"பாத்தீரே?" என்றேன்.

"விடியப் பாப்பம்" என்றாள் மனுசி.

யூலை 10, புதன்

விடியப் பார்த்தோம். பிடித்து வைத்த தண்ணீர் செம்மண் குளம்.

மணலை ஏசினேன். கல்லை ஏசினேன். ஆணியையும்.

மனுசி: "குழாயால வரேக்க தெளிவாத்தான் வருது. வெளியில கிடந்தாத்தான் சிவக்குது. உங்கட மழையில நனைஞ்சா இன்னும் கெதியாச் சிவக்குது."

பிறகுதான் எனக்கு விடிந்தது. இரும்பு தண்ணீருக்குள் சீனி போலக் கரைந்து ஒளிந்திருக்கிறது. கரைந்ததை மணல் பிடிக்காது. காற்றுப் பட்டால்தான் துருப்பிடித்துக் கறளாகித் தலைகாட்டும், தலைகாட்டினால்தான் மணலுக்குப் பிடி. நானோ மீன் வருமுன்னே வலையை இழுத்திருக்கிறேன். நீரூற்று ஆசை!

எல்லாம் தலைகீழ். ஓட்டை வாளி இப்போது வேப்பங்கொப்பில், ஆள் உயரத்துக்கு மேலே. முதலில் மழை. கீழே பீப்பாவில் கறள் அடையட்டும். மேல் தண்ணீர் மட்டும் மணலுக்கு. றோட்டில் நின்று ஒருவரும் பார்க்க ஏலாது. பரவாயில்லை.

சோழகமே, ஊது! என் கூரையைக் கழற்றிய கடனுக்கு வேலை செய்.

யூலை 11, வியாழன்

மணல் மேல் காவிப் படை. பிடிபட்டான்!

தேத்தண்ணீர் கறுக்கவில்லை, நல்ல சிவப்பு. உயில் இனிப் பேனையால்தான். மனுசி இரண்டு கோப்பை குடித்தாள். துணியைத் தொடவில்லை. "ஒரு வாளி பிடிச்சு விடியுமட்டும் வைச்சுப் பாத்திட்டுத்தான்."

யூலை 12, வெள்ளி

வாளி தெளிவு. துணி தோய்ந்தது. நான் கொடி கட்டினேன். மற்றதுக்கு என்னைக் கிட்ட விடவில்லை.

யூலை 13, சனி

நல்ல வெயில். துணியின் வெள்ளையில் பக்கத்து வளவுப் பசுவுக்குக் கண் கூசி, திரும்பி நின்று மேய்ந்தது.

செ. அக்கா வந்தார். துணியை வெயிலுக்குப் பிடித்து, ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். ஒரு மூலையில் விரல் நின்றது.

"இஞ்ச பாரும் பிள்ளை. கறை."

நான் மீசை வரவேண்டிய இடத்தைத் தடவினேன்.

மனுசி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இது காகம், அக்கா. கிணறில்லை."

அக்கா வேலியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மற்றத் துணியளைப் பின்னேரம் அனுப்பிறன்" என்றார்.

மனுசி அந்த மூலையைத் திரும்பத் தோய்க்கிறாள். பாட்டு வேறு. "மோட்டரைப் போடுங்கோ" என்று கத்துகிறாள். போகிறேன்.