சின்னதுக்குக் காய்ச்சல்

மைசூர்
3-12-1978

ஹொன்னம்மாவுக்கு மரிலிங்கன் ஆசியுடன் எழுதுவது. நான் நலம்.

பட்டுப்புழு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தும் நமக்கு ஒன்றும் தெரியாது என்பது இந்தப் பயிற்சிக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. வாத்தியார் இரண்டு தட்டுகளைக் காட்டினார். ஒரே முட்டை, ஒரே இலை. வெக்கையில் வைத்தது விரல் நீளம் வளர்ந்திருந்தது. குளிரில் வைத்தது பாதிகூட இல்லை. "இளசுல பட்ட குளிரு சாகிறவரைக்கும் விடாதுய்யா" என்றார்.

எனவே கரி அடுப்பை உள் அறையிலேயே வை. ஈரச் சாக்கைத் தொங்கவிடு. முதலில் பொரித்த கூட்டம் பெரியது, அது தாங்கும். பிறகு பொரித்த சின்னதைத்தான் கண்ணாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெருக்கிப் போடாதே. இந்தக் கலப்பினத்துக்கு மனித வாடையும் தாளிப்பு நெடியும் ஆகாது என்கிறார்கள். அறைக்குள் யாரும் படுக்க வேண்டாம்.

குழந்தை தேவீரிக்கு முத்தம்.

மரிலிங்கன்

---

ஹுணசேகட்டே
8-12-1978

மைசூரில் இருப்பவருக்கு ஹொன்னம்மா வணக்கத்துடன் எழுதியது.

கடிதம் வந்தது. மூன்று பக்கமும் தேடிப் பார்த்தேன். எங்களுக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் புழுவுக்கு. பக்கத்து வீட்டு நிங்கவ்வா, "உன் வூட்டுக்காரரு மைசூருக்குப் போயி புழுவத்தான் கட்டிக்கிட்டாராடீ?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி அறையைப் புழுவுக்கு விட்டுவிட்டு நானும் தேவீரியும் மாட்டுக் கொட்டகை ஓரம் படுக்கிறோம். இந்தக் குளிரில் கோணிக்கு மேல் கோணி போட்டாலும் போதவில்லை. அவளுக்கு மூக்கு ஒழுகுகிறது. இரண்டு கூட்டமும் நன்றாக இருக்கின்றன. பெரியது தின்னாமல் அசையாமல் கிடந்து, நாலு காய்ச்சலில் இரண்டாவதை முடித்துத் தோலுரித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் மகள், "அம்மா, எனக்கும் நாலு காய்ச்சல் வந்தா பெருசாயிடுவேனா? அப்பா சைக்கிள ஓட்டுவேனா?" என்கிறாள். ஐந்து வயதில் அவள் பேசுகிற பேச்சைக் கேட்க நீங்கள் இங்கே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போகக் கூடாதா?

உங்கள் ஹொன்னம்மா

---

ஹுணசேகட்டே
13-12-1978

அவருக்கு,

பஸ் புறப்படுகிறது, டிரைவரிடம் கொடுத்தனுப்பவே இந்த அவசரக் கார்டு. சின்னதுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக எதையும் தின்னவில்லை. இன்று தலையைத் தூக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே வாருங்கள்.

ஹொன்னம்மா

---

மைசூர்
14-12-1978

ஹொன்னம்மாவுக்கு,

பயந்தாங்கொள்ளி. எத்தனை வருஷமாகப் பார்க்கிறாய், காய்ச்சலில் உட்கார்ந்தது தின்னுமா? நீ பதறிக்கொண்டு இலை போட்டால்தான் கெடும். தொடாதே. ஈரச் சாக்கை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவு. சும்மா விட்டால் தானே எழுந்துகொள்ளும். இதற்காக நான் பாதியில் கிளம்பி வந்தால் வாத்தியார் சிரிப்பார், சான்றிதழும் போய்விடும். சின்னது எழுந்ததும் எனக்கு எழுது.

தேவீரியிடம், பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்.

மரிலிங்கன்

---

ஹுணசேகட்டே
18-12-1978

மரிலிங்கய்யாவுக்கு,

இந்தத் தடவை பெயர் சொல்லியே எழுதுகிறேன். நம் மகள் தேவீரி இறந்துவிட்டாள்.

கார்டு கொடுத்தனுப்பிய அன்று ராத்திரி புழுத் தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்துவைத்துவிட்டு அவளை உள் அறையில் படுக்கவைத்தேன். உடம்பில் வெக்கை பட்டதும் கண்ணைத் திறந்து, "இங்க நல்லாருக்கும்மா" என்றாள். அவள் பேசியது அவ்வளவுதான். விடிந்ததும் அண்ணன் வந்து வண்டி கட்டினார். கனகபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

அண்ணன் தந்தி கொடுக்கக் கிளம்பினார். கார்டு கண்டு நீங்கள் புறப்பட்டிருப்பீர்கள் என்று நான்தான் தடுத்தேன். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். இருட்டும்வரை மண்ணில் வைக்கவும் விடவில்லை.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. சாவுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்க அண்ணன் சத்தமாகப் படித்தார். சுண்ணாம்பு தூவு என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். நிங்கவ்வாதான், "அய்யோ, புழுன்னு நெனச்சுட்டாரே பாவம்" என்றாள். அவளுக்கு உங்கள் மேல் இரக்கம் வந்தது. எனக்கு வரவில்லை.

நான் சின்னது என்று எழுதியது தப்பு என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் காய்ச்சலில் இருக்கிற புழு தலையைத் தூக்கித்தானே உட்காரும்? தலையைத் தூக்கவில்லை என்றுதானே எழுதினேன்? பிள்ளையை நினைக்கவில்லை, சரி. புழுவைப் பற்றி எழுதியதாக வைத்துக்கொண்டாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம்.

குளிரில் வைத்த புழுக்களில் பாதி போய்விட்டன. மீதியை நிங்கவ்வா எடுத்துப் போயிருக்கிறாள். வீட்டுச் சாவியும் அவளிடம்தான். நான் அண்ணனோடு போகிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை, அது எனக்குத் தெரியும். அங்கே வந்து அழுதுகொண்டு நின்றால் மனசு இளகி உங்கள் பின்னால் வந்துவிடுவேன். வந்து அந்த அறைக்குள் என்னால் படுக்க முடியாது. அதனால் கூப்பிட வராதீர்கள்.

தேவீரியின் அம்மா
ஹொன்னம்மா