பனியன் வேஸ்டால் துடைத்த கண்ணாடி

அண்ணா,

செய்யாத தப்புக்காக நீ பிகாஷை நம் பனியன் கம்பெனி வேலையைவிட்டுத் துரத்தினாய். உன் டெலஸ்கோப் கண்ணாடியைக் கீறியது நான்.

மாடியில் உன் மகள் யாழினிக்கு நிலாவைக் காட்ட நினைத்தேன். கண்ணாடியில் பஞ்சு படிந்திருந்தது. கம்பெனியில் மிஷின் துடைக்கிற துண்டுத்துணி, அந்தப் பனியன் வேஸ்டாலேயே அழுத்தித் துடைத்தேன். அதில் சிக்கியிருந்த உடைந்த ஊசிமுனை கோடு கோடாக இழுத்துவிட்டது.

"தொட்டி கழுவ மாடிக்கு ஏறுனது நீதானேடா? ஒடிசாக்காரனுக்கு இதோட அருமை தெரியுமா?" என்று பிகாஷிடம் கத்தினாய்.

"நான் தொடவே இல்லீங்கண்ணா" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே கெஞ்சினான்.

நீ என்னைப் பார்த்தாய். "அவனாத்தான் இருக்கும்" என்றேன்.

உனக்குப் பயந்து அப்படிச் சொல்லவில்லை. அவன் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

நாளை அவன் ரூமுக்குப் போய், கூட இருப்பவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். கண்ணாடிக்காக அழுத நீயும் வரவேண்டும். வருவாயா?

உன் தங்கை