இரண்டு ஜோடி கையுறை

என் ராசாவுக்கு,

நீ அனுப்பிய ஓவன் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. உன் அப்பா காலத்துக்குப் பிறகு நான் இவரைக் கல்யாணம் செய்து இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் பொருள் இதுதான். சீட்டு ஏதும் இருக்குமோ என்று பெட்டி முழுக்கத் தேடினேன். இல்லை. ஆனால் சூடு தாங்கும் கையுறை இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று என் அளவு, மற்றது ஆண்கள் அளவு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவர், பெரியதை மாட்டிப் பார்த்தார்.

"ஏளா, இது தப்பா வந்திருக்குமோ?"

"எம் மவன் தப்பா அனுப்ப மாட்டான்," என்றேன். அவர் அதைக் கழற்றாமலே காப்பி குடித்தார்.

அன்றைக்கே கேக் செய்தோம். உடன்குடிக் கருப்பட்டியை நான் காய்ச்சி வடிகட்ட, அவர் முட்டை அடித்தார். நடுவில் கொஞ்சம் அமுங்கிவிட்டது. ருசிக்குக் குறைவில்லை. இரண்டு பேருக்கு அது அதிகம்தான், மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நம்பர் கேட்டார். கொடுத்துவிட்டேன், கோபப்படாதே. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து பத்து மணிக்குக் கூப்பிடுவார். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் படித்தேன். 'நான் ரோச் பேசுதேன்' என்று தன் பேரைச் சொல்லும் முதல் வரியை அடித்துவிட்டு, 'அம்மா நல்லா இருக்கா, தம்பி' என்று மாற்றியிருக்கிறார்.

எடுத்துப் பேசுப்பா.

உன் அம்மா