ஷூவைத் தேடாதீங்க

ரயன் அப்பா,

ஷூவைத் தேடாதீங்க. என் காடியில பின் சீட்டுல போட்டு வேலைக்குக் கொண்டு போறேன்.

ராத்திரி நீங்க வேலைக்குக் கிளம்பினப்புறம் உங்க ஷிப்ட் ஹேமநாதன் சம்சாரம் போன் பண்ணாங்க. நேத்து காலையில ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ ஆயர் ஈத்தாம் சிக்னல்ல மோட்டார் சைக்கிள் மேலயே தூங்கிட்டீங்களாமே. பின்னால லாரி ஹார்ன் அடிச்சும் அசையலையாம். ஹேமநாதன்தான் இறங்கி வந்து தட்டி எழுப்பினாராம்.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஓடாதீங்கன்னு நான் சொன்னதுக்கு மட்டும், நீ என்ன டாக்டரான்னு கத்திட்டு சாப்பிடாமப் போயிட்டீங்க.

இனிப்பு நீர் இருக்கு, சுகர் குறைய உடம்பை அசைங்கன்னு டாக்டர் சொன்னாரு, சரி. ராத்திரியெல்லாம் வேலை செஞ்சுட்டு, வந்த கையோட வெயில்ல திடலைச் சுத்தி ஓடிட்டு, அப்புறம் தூக்கம் வராமப் புரளச் சொன்னாரா?

தோசை மேசையில மூடியிருக்கு. கோப்பி வேணாம். ரூம் ஜன்னல்ல கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டிட்டேன், வெளிச்சம் வராது. கேஸ்காரர் ஹார்ன் அடிச்சா எழுந்திருக்காதீங்க. பக்கத்து வீட்டு ஐலீன் சிலிண்டரை வாங்கி வச்சுக்குவாங்க.

நல்லா தூங்குங்க. சாயந்திரம் வந்து ஷூவைத் தர்றேன். நீங்க ஷிப்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நடக்கலாம். நானும் வர்றேன்.

ரீத்தா

ஸ்லிப்பர் போட்டுக்கிட்டு ஓடலாம்னு பார்க்காதீங்க. அதையும் எடுத்துட்டேன்.

இதைப் படிக்கிறீங்கன்னா பத்திரமா வந்து சேர்ந்துட்டீங்க. படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்கால் கொடுங்க லா. அது வர்ற வரைக்கும் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.